அடக்க ரிஜிஸ்தரில் இரண்டு வரிகள்

ஜூன் 1, 1953, திங்கள்

விடியற்காலை முதல் சாரல். பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, நான் மட்டும் வீட்டில். ஏழாம் மாதம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மூன்றாம் வகுப்பைக் கத்தி அடக்கத் தெம்பில்லை. அதனால் லீவு.

போதகர் அதற்குள் வேலை கண்டுபிடித்துவிட்டார். வேதக்கோவிலின் பழைய அடக்க ரிஜிஸ்தரைக் கறையான் தின்கிறதாம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். புது நோட்டில் பார்த்துப் பகர்த்தி எழுதித் தரவேண்டும். பிள்ளைத்தாய்ச்சியிடம் செத்தவர்கள் பட்டியலைக் கொடுக்கிறோமே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் மறுக்கத் தெரியவில்லை.

செய்ய: மை வாங்க. அவர் சட்டைக்குப் பொத்தான். டானிக் இரண்டு கரண்டி (மூக்கைப் பிடித்துக்கொண்டு).

ஜூன் 6, சனி

ஆஸ்பத்திரி. அப்பா கூட வந்தார், இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, கடையில் மாற்று ஆள் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். இரத்தச் சத்து நூற்றுக்குப் போன மாதம் 48, இன்று 45. டாக்டரம்மா சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டானிக்கை வாழைக்கு ஊற்றுகிறாயா என்றாள். மூன்று மாதமாக இரும்புத் துரு குடிக்கிறேன், பல் கறுத்துப்போய்க் கிடக்கிறது, எனக்கு இந்தப் பேர். வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

பிறகு முதல் பிள்ளையைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். ஜெயசிங், ஒரு வயதும் இரண்டு மாதமும்தான் இருந்தான். வெளுத்துக்கொண்டே வந்தான், வயிறு மட்டும் பெரிதாயிற்று. குடும்பத்தில் வேறு குழந்தை யாராவது இப்படி? மாப்பிள்ளை சொந்தமா?

அத்தை மகன் என்றேன். மற்றதற்கு அப்பா முந்திக்கொண்டார். "எங்க ரெண்டு வீட்டிலயும் அப்பிடி ஒண்ணும் கெடையாது, டாக்டரம்மா."

நானும் தலையாட்டினேன்.

திரும்பும்போது அப்பா ஆட்டு ஈரல் வாங்கித் தந்தார்.

ஜூன் 9, செவ்வாய்

காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் முழுவதும் எங்கள் முற்றத்தில் வந்து விழுந்ததுபோல. துணி எதுவும் கொடியில் நிற்கவில்லை.

வீட்டில் அதைவிட. என் கலியாணத்தின்போதே பேசி வைத்தது: பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. நான் மாமி மகனுக்கு, மாமியின் கடைசி மகள் லீலா என் தம்பி ராஜமணிக்கு. (மாமி என் அப்பாவுக்கு நேர் மூத்த அக்காள். மாமியார் என்று நினைத்துப் பழகியதே இல்லை.) இன்று அப்பா ஆள்விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறார், ரா.வுக்கு இப்போது கலியாணம் வேண்டாமாம், பயிற்சிப் படிப்பு முடியட்டுமாம். லீலா வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமாம்.

மாமி என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, பானையைப் பார்த்துப் பேசினாள். லீலா அறையைவிட்டு வரவில்லை. நான் அப்பாவுக்காக வாதாடினேன். அப்பா காரணம் இல்லாமல் வாக்கு மாறுகிறவர் இல்லை என்றேன். எவ்வளவு நிமிர்ந்து சொன்னேன்.

ஜூன் 12, வெள்ளி

பகல் முழுக்க ரிஜிஸ்தர். பேர், வயது, தகப்பன் பேர், நோய், சொன்னவர். வைசூரி, பேதி, முதுமை, பேதி. 1921க்கு வந்தேன்.

எஸ்தர். வயது ஒன்றரை. தகப்பன் பேர் இடத்தில் என் மாமனார். நோய்: வெளுப்பு, வயிற்றுக்கட்டி.

இரண்டு பக்கம் தள்ளி, 1923. சாமுவேல். வயது ஒன்று. அதே தகப்பன். அதே நோய்.

இவர் பிறந்தது 1925. மாமிக்குப் பிள்ளைகள் மூன்று என்றுதான் இருபத்தாறு வருஷமாகக் கேட்டு வளர்ந்தேன். இங்கே சிசுவாகப் போனதை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, தெரியும். ஆனால் சொல்லக்கூடாது என்று எவன் சட்டம் போட்டான்?

அது மட்டும் என்றால் மாமியோடு போகும். இரண்டு வரியிலும் 'சொன்னவர்' இடத்தில் கையெழுத்து என் அப்பாவுடையது. மாமனார் அப்போது தோட்டத்து வேலைக்கு மலைக்குப் போயிருந்திருக்கிறார், தாய்மாமன்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்தக் கையெழுத்தில்தான் நான் எழுதப் பழகினேன்.

பேனாவைக் கழுவி வைத்தேன். ராஜமணி கலியாணத்தை நிறுத்தியதற்குப் பயிற்சிப் படிப்பு ஒரு காரணமே இல்லை. இப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறுகிறது. மக்கு.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து அப்பா வீட்டுக்கு நேரே போனேன். அம்மா காப்பி போட எழுந்தாள், வேண்டாம் என்றேன். இரண்டு வரியையும் துண்டுத்தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அப்பா கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

மறுக்கவில்லை. அது மாமனார் வீட்டு வழியில் வந்த சாபம் என்று நினைத்தாராம். இவர் தேறி வளர்ந்ததால் தீர்ந்தது என்று இருந்தாராம். ஜெயசிங்கைப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டதாம். பிறகும் என்னிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும்.

"தம்பிக்கு மட்டும் சொன்னீங்களா?"

"அவன்கிட்ட சொல்லாம எப்பிடி வேண்டாம்ணு நிறுத்த?"

"எனக்கு?"

"உன்னக் கெட்டிக் குடுத்தாச்சு மக்ளே. இனி சொல்லி என்னத்துக்கு?"

கெட்டிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் இருந்ததே, அப்பா, என்றேன். அன்றைக்கு அக்காள் வந்து கேட்டாளாம், அக்காளிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்றார். மகனுக்காக அதே அக்காளிடம் சொல்லத் தெரிந்தது. ஒரு வரி, ஆள்விட்டு.

ரா. வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை. அவனை நான்தான் இடுப்பில் வைத்துத் திரிந்தேன்.

வரும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான். இந்த நோட்டில் எழுதுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை: என்னை ஏமாற்றிவிட்டார்கள். என் சொந்த அப்பா.

ஜூன் 15, திங்கள்

இவரிடம் சொன்னேன். தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். தனக்கு அண்ணனும் அக்காளும் இருந்தது இருபத்தெட்டு வயதில் தெரிகிறது. மாமியிடம் போய் ஒன்றுதான் கேட்டார், பேர் என்ன என்று. பேர் தாளில் எழுதியிருந்தும் கேட்டார். மாமி பேரைச் சொல்லிவிட்டு அழுத அழுகையில் எனக்கு அவள்மேல் கோபம் பாதியாயிற்று. பாதி இருக்கிறது.

பால்காரி வரவில்லை.

ஜூன் 17, புதன்

இருவரும் ஆஸ்பத்திரிக்கு. இன்று நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், போன தடவை தலையாட்டியது பொய் என்றும். இருவர் விரலிலும் குத்திக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார்கள். டாக்டரம்மா ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். இரும்பு போதாமல் வருகிற சோகை வேறு, பிறவியிலேயே இரத்தத்தில் வருகிறது வேறு. எனக்கு இரண்டும் இருக்கலாம், டானிக் ஒன்றுக்குத்தான் கேட்கும். இவருக்கும் பிறவியில் அதே. எங்கள் இருவருக்கும் ஒற்றைப் பங்கு, தாங்கிக்கொள்வோம். பிள்ளைக்கு இரண்டு பக்கத்துப் பங்கும் சேர்ந்தால் தாங்காது. ஜெயசிங்குக்குச் சேர்ந்தது.

வயிற்றில் இருக்கிற இதற்கு? நாலில் ஒன்று என்றாள். பிறந்து மாதங்கள் போகாமல் சொல்ல முடியாதாம்.

இரத்தம் 42. படுக்கையில் சேர்த்துவிட்டாள். பேறுகாலத்துக்கு முன் இரத்தம் ஏற்றியே ஆகவேண்டும், உறவில் ஆள் கொண்டுவாருங்கள் என்றாள்.

ஜூன் 20, சனி

பென்சில்தான் கிடைத்தது. வார்டில் லைசால் மருந்து நாற்றம், வெளியே நல்ல வெயில்.

அப்பாவும் ரா.வும் வந்தார்கள். நான் ஆள் அனுப்பவில்லை, இவர் அனுப்பியிருக்கிறார். அப்பா கதவோரம் பெஞ்சில் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இருவர் விரலிலும் குத்தினார்கள். இருவருக்கும் என் இரத்த வகைதான். ஆனால் ரா.வுடையது நல்ல இரத்தம், ஒரு குறையும் இல்லை, அவனை எடுக்கலாம் என்றாள் டாக்டரம்மா. அப்பாவுடையது வேண்டாம். அப்பாவுக்கும் அதே பிறவிக் குறை, லேசாக. மகளுக்கு வந்தது அங்கிருந்துதான், மாப்பிள்ளை வீட்டிலிருந்து இல்லை என்று பொறுமையாக விளக்கினாள்.

அப்பா சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகு என் கட்டிலுக்கு வந்தார்.

"அப்பம் இந்தக் கொறைய நாந்தான் தந்தேனா, மக்ளே?"

தாகமாயிருக்கிறது, தம்பியை வரச் சொல்லுங்கள் என்றேன்.