வேலையை விடப் பத்தாயிரம் குறைகிறது

மார்ச் 11, திங்கள்

இன்றைய செலவு: ஒன்றுமில்லை. நடந்தே போனேன், நடந்தே வந்தேன். மதியத்துக்கு வீட்டுப் பருப்பு.

வில்மார் இன்றும் பத்து மணிக்குத்தான் வந்தான். கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே மூலிகைத் தேநீர்ச் சுரைக்குடுவை, விரல் நுனியில் தொங்கும் அடுமனைப் பொட்டலம். எதிரே துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது, சுங்கப் பத்திரங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன, இவன் உட்கார்ந்து சர்க்கரை ரொட்டி தின்கிறான். இந்த அலுவலகத்துக்கு வந்து முப்பது வருடம், சேமிப்பு பத்துக் காசு கிடையாது. சம்பளத்தில் பாதி மேளத்துக்கு, மீதி நெருப்பில் வாட்டும் இறைச்சிக்கு. ஞாயிறு தவறாமல் தெருவில் தீ மூட்டி, மேளத் தோலைக் காய வைத்து, கூட்டத்தோடு அடித்துக்கொண்டே ஊர்வலம் போகிறான். ஐம்பத்தொன்பது வயதில்!

"ஒண்ணு எடுத்துக்கோ மிரேயா, காசு கேக்க மாட்டேன்" என்று பொட்டலத்தை நீட்டினான்.

இரண்டு எடுத்தேன். அதுவும் வரவுதான்.

இன்னும் பத்தாயிரத்து நானூறு டாலர்; செலவு பேசோவில், சேமிப்பு டாலரில். அது சேர்ந்துவிட்டால், இருப்பிலிருந்து வரும் வட்டியே நான் சாகும்வரை போதும் – இப்போது வாழ்கிறபடி வாழ்ந்தால். பதினான்கு வருடம் ஒவ்வொரு காசையும் எழுதி எட்டியிருக்கும் இடம். அடுத்த வருடத் தொடக்கத்தில், நாற்பத்துநாலு வயதில், இந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கைமாற்று கேட்டு வருவார்கள்.

மார்ச் 14, வியாழன்

சோப்பு, வெங்காயம், இரண்டு எலுமிச்சை: 190 பேசோ. ஒரு எலுமிச்சையோடு நிறுத்தியிருக்கலாம்.

மார்ச் 24, ஞாயிறு

தங்கை இல்தாவின் பிறந்தநாள். பதினெட்டு மாதத் தவணையில் சுவரளவு தொலைக்காட்சி வாங்கியிருக்கிறாள். திரையில் வரும் முட்டாள்கள் இப்போது பெரிதாகத் தெரிகிறார்கள், அவ்வளவுதான்.

என் காலைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "அக்கா, இந்தச் செருப்பு என் கல்யாணத்துக்குப் போட்டதுதானே?"

"ஆமா. உன் கல்யாணம்தான் பிஞ்சு போச்சு, செருப்பு அப்படியே இருக்கு."

அதன்பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

அரோசேனா கூப்பிட்டனுப்பினான். பழைய முதலாளியின் மகன். அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது, இன்னும் ஒரு சரக்குப் பத்திரத்தை மேலிருந்து கீழ்வரை படிக்கத் தெரியாது. மேசையில் படகு பொம்மை மட்டும் புதிது.

"உக்காருங்க மிரேயா. வேலை குறைஞ்சு போச்சு. இந்த மாசக் கடைசியில வில்மாரை அனுப்பிடலாம்னு இருக்கேன். அந்த ஆள் பாக்கற வேலையையும் நீங்களே பாத்துக்கங்க. சம்பளத்துல பதினஞ்சு சதவீதம் கூட்டித் தரேன். யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

இரண்டு பேர் வேலைக்குப் பதினைந்து சதவீதம். இவனுடைய அப்பா திருடினாலும் கொஞ்சம் கூச்சத்தோடு திருடுவார்.

வில்மார் அந்த நேரத்தில் பக்கத்து அறையில் மேசையை விரலால் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்று தெரியாத ஜென்மம். வெளியே போனால் எத்தனை நாள் தாங்குவான்? முதலில் மேளத்தை விற்பான். பிறகு?

ஏப்ரல் 9, செவ்வாய்

ஒன்று தோன்றியது. அவனுக்குப் பதில் என்னை வேலையை விட்டு நீக்கினால்? சட்டப்படி ஆறு மாதச் சம்பளம் தர வேண்டும். பத்தாயிரத்து எண்ணூறு டாலர்.

நான்கு முறை கூட்டிப் பார்த்தேன். என் கணக்கு நிறைந்து நானூறுக்கு மேல் மிச்சம்! ஐந்தாவது முறையும் கூட்டினேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

கேட்டேன். சிரித்தான். நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"உங்களை அனுப்பிட்டு நான் என்ன பண்றது? இந்த இரும்புப் பெட்டி, அந்த அலமாரி, அப்புறம் நீங்க – எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போனது இந்த மூணுதான்."

பிறகு, விளையாட்டாகச் சொல்வதுபோல: "நீங்களா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போனா அது வேற. வேற வழியில்லாம அந்த மேளக்காரனை வச்சுத்தான் ஓட்டணும். ஆனா நீங்களாப் போனா ஒரு காசு கிடையாது, தெரியுமில்ல? நீங்களாவது காசை விடறதாவது!"

ஏப்ரல் 15, திங்கள்

எழுதிக் குடுத்துட்டேன்.

பைத்தியமா நான்? இன்னும் ஒன்பது மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருந்தா கணக்கு முடிஞ்சிருக்கும். சனிக்கிழமையும் நேத்தும் அந்தச் சிரிப்பு காதுக்குள்ளேயே – அலமாரி! நான் அலமாரியா? இன்னிக்குக் காலைல காகிதத்தை அவன் படகு பொம்மை மேல வச்சேன். முகம் அப்படியே வெளுத்துப் போச்சு. அந்த ஒரு நொடிக்குப் பத்தாயிரத்து எண்ணூறு டாலர். என் வாழ்க்கையில இவ்வளவு விலை கொடுத்து நான் எதையும் வாங்கினதில்லை.

வில்மாருக்காகச் செய்தேனா? இல்லை. எழுதி வைக்கிறேன்: இல்லை. அவன் வேலை தப்பியது தற்செயல்.

புதுக் கணக்கு: இறைச்சி வாரம் ஒரு முறை. அடுத்த மாதம் குளிர் தொடங்கிவிடும், கணப்பு அடுப்பு ஒரு அறையில் மட்டும்.

ஏப்ரல் 30, செவ்வாய்

கடைசி நாள். வில்மார் காலையிலிருந்து என் பக்கம் திரும்பவே இல்லை. அரோசேனா எல்லாவற்றையும் அவனிடம் உளறியிருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நன்றி சொல்ல வாய் வரவில்லை போல. மாலையில் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோதுகூடத் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான்.

வேண்டாம். நன்றியை வைத்து நான் என்ன செய்வது?

மே 6, திங்கள்

வேலை இல்லாத முதல் திங்கட்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். எட்டரைக்குள் வீடு கூட்டி, துணி துவைத்து, சமைத்து முடித்தாகிவிட்டது.

கடற்கரைச் சாலையில் நடந்தேன். இருக்கை இருக்கையாகக் கிழவர்கள், வெந்நீர்க் குடுவையோடு. எழுபது வயதுவரை அடிமையாக இருந்துவிட்டு, முட்டி தேய்ந்தபிறகு கடலைப் பார்க்க வந்தவர்கள். அவர்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பரிவாகக் கேட்டார்: "வேலை தேடறியாம்மா?"

நடையை எட்டிப் போட்டு வந்துவிட்டேன். மணி பத்துதான் ஆகியிருந்தது.

மே 17, வெள்ளி

வில்மார் வீட்டுக்கு வந்தான். நான் கதவைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"யாரு உன்னைக் கேட்டா?"

புரியவில்லை என்றேன்.

"யாருடி உன்னைக் கேட்டா, எனக்காக வேலைய விடச் சொல்லி? ரெண்டு வருஷமா அந்தப் பையன் என்னை வேலைய விட்டுத் துரத்தணும்னு நான் பாடுபட்டுக்கிட்டிருந்தேன். லேட்டா வந்தேன். மேசையில தாளம் போட்டேன். அவன் போன்ல பேசறப்ப எதிர்ல நின்னு ரொட்டி தின்னேன். அவனா என்னை அனுப்பினா ஆறு மாசச் சம்பளம் கையில. ஒரு வருஷம் அரசாங்கம் தர்ற வேலையில்லாப் படி. அது முடியறப்ப எனக்கு அறுபது, பென்ஷன். என் பொண்டாட்டி பிரியாபோலிஸ்ல கடல்கிட்ட வீடுகூடப் பாத்து வச்சுட்டா. நீ வந்து எல்லாத்தையும் கெடுத்த!"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். பன்னெண்டு வருஷம் எதிர் மேசை. நான் என்ன திங்கிறேன், என்ன விலைன்னு தினம் பாத்தியே. ஒருநாள், ஒரே ஒருநாள், எப்படி இருக்கேன்னு கேட்டிருக்கியா?"

கத்தியதில் மூச்சு வாங்கியது. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். இப்போது என்னுடைய வேலையையும் அவர் தலையில் கட்டியிருக்கிறானாம், பதினைந்து சதவீதம்கூட இல்லாமல்.

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "வீடு ஐஸ் மாதிரி இருக்கு. கணப்பைப் போடு."

மே 18, சனி

ரொட்டி, முட்டை: 145. பக்கத்தில் இருப்பவன் திட்டம் போடுகிறான் என்பதுகூடத் தெரியாதவளா நான்? நான் ஒருத்திதான் கணக்குப் போடத் தெரிந்தவள் என்று நினைத்திருக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

அரோசேனா தொலைபேசியில். மூன்று சரக்குப் பெட்டகங்கள் தப்பான பெயரில் பதிவாகி, துறைமுகத்திலேயே நிற்கின்றனவாம். தினமும் அபராதம் ஏறுகிறதாம். "நம்ம வீட்டு ஆள் மாதிரி நீங்க" என்றான். அலமாரிக்குப் பதவி உயர்வு.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. அவன் ஒரு வாரம் வியர்க்கட்டும்.

ஜூலை 1, திங்கள்

போனேன். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தேன்.

"வாரம் மூணு நாள் வரேன். மதியம் ஒரு மணி வரைக்கும்தான். முன்னாடி வாங்கின முழுச் சம்பளம்."

"மூணு நாளைக்கு முழுச் சம்பளமா?"

"நாலாவது பெட்டகமும் நிக்குதுன்னு கேள்விப்பட்டேன்."

படகு பொம்மையை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"இன்னொண்ணு. வில்மாரை இந்த மாசமே அனுப்பணும். ஆறு மாசச் சம்பளத்தோட, காகிதத்துல காரணம் சரியா எழுதி. காகிதத்தை நான் படிச்சுப் பாத்துட்டுதான் இங்க உக்காருவேன்."

அரோசேனா என்னை அருவருப்பாகப் பார்த்தான். "அந்த ஆள் மேல உங்களுக்கு அவ்வளவு வெறுப்பா?"

ஆமாம் என்றேன். மடையனுக்கு விளக்கிச் சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா?

ஆகஸ்ட் 2, வெள்ளி

வில்மார் காகிதத்தை இரண்டு முறை படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்னிடம் வந்து, "அவன் உன்னைக் கெட்டவள்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்" என்றார்.

"சொல்லட்டும்."

"நான் ஒண்ணும் மறுத்துப் பேசலை."

"நல்லது. பேசியிருந்தா காகிதம் வந்திருக்காது."

சிரித்தார். முன்பற்களில் ஒன்று இல்லை. பன்னிரண்டு வருடமாக எதிரே உட்கார்ந்திருந்தேன், இன்றுதான் பார்க்கிறேன்.

நவம்பர் 21, வியாழன்

பிரியாபோலிஸுக்குப் பேருந்தில் போனேன். வில்மாரின் மனைவி செல்வா மூன்று வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீடு சின்னது, கூரை ஒழுகுகிறது, வாடகை அதிகம். அதைச் சொன்னேன். "இந்தக் கூரையச் சொல்லவா அவ்வளவு தூரம் வந்த?" என்று கேட்டுக்கொண்டே வறுத்த மீனைத் தட்டில் போட்டாள். முள் நீக்கத் தெரியவில்லை எனக்கு. வில்மார் என் தட்டைப் பிடுங்கி நீக்கிக் கொடுத்தார்.

கோடை தொடங்கிவிட்டதால் மாலையில் மூவரும் தண்ணீரில் இறங்கினோம். அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முட்டி ஆழத்தில் நின்றேன்.

"ஏன் அங்கயே நிக்கற? நீச்சல் தெரியாதா?" என்று கத்தினார் வில்மார்.

தெரியாது. இந்தக் கடலோரத்தில்தான் பிறந்தேன்.

"வேலைய விட்டுட்டு அப்புறம் என்னதான் பண்றதா இருந்த நீ?"

பாவாடையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன். பதினான்கு வருட நோட்டுகளில் எங்கும் அதை எழுதி வைக்கவில்லை.

திரும்பும் பேருந்துக்கு அரை மணி இருந்தது. நிலையத்துக்கு எதிரே, சுற்றுலாக்காரர்களை ஏமாற்றுவதற்கென்றே திறந்து வைத்திருக்கும் கடை. நீச்சல் உடை ஒன்று வாங்கியது: 1,850 பேசோ. பகல் கொள்ளை. தையல்கூட ஒழுங்காக இல்லை.

நீல நிறம்.