செங்கல் நிறச் சட்டை

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். விஷயம் உன் கல்யாணத்தைப் பற்றியது, அதனால் கடைசிவரை படி. பெண் வீட்டாரிடம் உன் அப்பா சயின்ஸ் வாத்தியார் என்று நீ சொல்லி வைத்திருக்கிறாய். நான் லேப் அட்டெண்டர், இருபத்திரண்டு வருஷமாகக் குடுவை கழுவுகிறவன். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் பையில் ஒரு பேனாவும் இருந்ததால் பிள்ளைகள் என்னை சார் என்றுதான் கூப்பிட்டார்கள், டீச்சர் பிரசவ லீவில் போன மூன்று மாதம் பாடமே நடத்தியிருக்கிறேன். எப்படி நடத்தினேன் என்று கேட்காதே, அந்த வருஷத்து ரிசல்ட்டைப் பற்றி இன்றுவரை பள்ளிக்கூடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆகையால் நீ சொன்னது முழுப் பொய் இல்லை, முக்கால் பொய்தான் என்று நானும் விட்டுவிட்டேன். "அப்படியே மெயின்டெய்ன் பண்ணுப்பா, கல்யாணம் முடியட்டும்" என்று நீயும் சொன்னாய்.

அதற்கு வேட்டு வைத்தவன் நானேதான். போன மாதம் ஸ்டாஃப் மீட்டிங்கில், வாத்தியார்கள், ஊழியர்கள் எல்லாருக்கும் யூனிஃபார்ம் கொண்டுவரலாமா என்று கரஸ்பாண்டெண்ட் கருத்துக் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுந்து நின்ற ஒரே அறிவாளி உன் அப்பன். பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் நமக்கு ஒரு சட்டமா, எல்லாரும் ஒரே சட்டை போட்டால் பெரியவர் சின்னவர் என்ற பேச்சே இருக்காது என்று வெளுத்துக்கட்டினேன். கரஸ்பாண்டெண்ட் கைதட்டினார். வாத்தியார்கள் விடவில்லை. கணக்கு சார் எழுந்து, "நாங்க என்ன பெட்ரோல் பங்க்லயா வேலை பாக்குறோம்? எங்களுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு" என்றார். ஒரு வாரம் இழுபறி. கடைசியில் வாத்தியார்களுக்கு வேண்டாம், மற்றவர்களுக்கு மட்டும் கட்டாயம் என்று முடிந்தது. பெருக்குகிற அக்கா, கேட் காவலர், நான், மூவருக்கும் செங்கல் நிறச் சட்டை, முதுகில் கொட்டை எழுத்தில் 'ஊழியர்'. இத்தனை வருஷம் என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்ட கணக்கு சார் முதல் நாளே, "தப்பா நினைக்காதீங்க, பேரன்ட்ஸ் பாத்தா குழம்பிடுவாங்க" என்று கேட் பக்கம் கையைக் காட்டினார். அங்கே போய் உட்கார்ந்தால் அந்த அக்கா, "நாங்க பழைய செங்கல், நீங்க இப்பத்தான் சூளையிலேர்ந்து வந்திருக்கீங்க, கொஞ்சம் சுடும் சார்" என்று சிரித்தாள். என்னைக் கடைசியாக சார் என்று கூப்பிட்டது அவள்தான். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. நான் பாடம் நடத்திய பெண் ஒருத்தி காலிப் பாட்டிலை என் கையில் திணித்து, "செங்கல், சீக்கிரம் தண்ணி பிடிச்சிட்டு வா" என்றாள். பிடித்துக் கொடுத்தேன்.

போன புதன்கிழமை மூன்றாவது பீரியடில், உடைந்த கண்ணாடிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கேட் பக்கம் போனேன். பெண்ணின் அம்மாவும் தாய்மாமனும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார்கள். நீ அனுப்பிய போட்டோவில் பார்த்த அதே முகங்கள். அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை. என் போட்டோ ஒன்றைக்கூட நீ அவர்களுக்குக் காட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏம்பா, சயின்ஸ் சாரைப் பாக்கணுமே" என்றார் அந்த அம்மா. சார் டிரெய்னிங்குக்குப் போயிருக்கிறார் என்றேன். மாமா என்னை ஓரம் கட்டி, "ஆளு எப்படி? குடிப்பாரா?" என்றார். "பச்சத் தண்ணியையே வடிகட்டித்தாங்க குடிப்பாரு, தங்கமான மனுஷன்" என்றேன். என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை, அதனால் கிடைத்த வாய்ப்பில் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிக்கொண்டேன். "பையன்?" என்றார். "பொய்யே வாயில வராதுங்க" என்றேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, தன் பையை என் தோளில் மாட்டி, "கார் வரைக்கும் கொண்டு வா" என்றார். நான் முன்னால் நடந்தேன், அவர்கள் என் முதுகைப் படித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

வீட்டில் வந்து சொன்னபோது உன் அம்மா சிரிக்கவில்லை. "கல்யாணத்துல இதே சட்டையோட கை கழுவுற இடத்துல நில்லுங்க, ஒருத்தருக்கும் சந்தேகம் வராது" என்றாள். அது உனக்குச் சொன்னது, பக்கத்தில் இருந்தது நான் என்பதால் என் மேல் விழுந்தது. நேற்று பெண்ணின் அம்மா அவளுக்குப் போன் செய்து சம்பந்தம் உறுதி என்று சொல்லிவிட்டார். "உங்க வீட்டுக்காரரோட ஸ்கூல்ல ஒரு அட்டெண்டர் இருக்காரே, சாரைப் பத்தி அவர் சொன்னதக் கேட்டப்புறம் எங்களுக்கு வேற விசாரணையே வேணாம்னு ஆயிடுச்சு. கல்யாணத்துக்கு அவரையும் மறக்காம கூட்டிட்டு வாங்க" என்றாராம். ஆக எனக்கு இரண்டு அழைப்பு இருக்கிறது, உடம்பு ஒன்றுதான். பிள்ளையின் நல்லதுக்காக அப்பா வராமலே இருந்துவிடுவார் என்று மட்டும் கணக்குப் போடாதே, அந்தப் பெருந்தன்மை எல்லாம் என்னிடம் கிடையாது, முதல் வரிசையில் வந்து உட்காருவேன். அதற்கு முன்னால் நீயே அந்த அம்மாவைக் கூப்பிட்டு, அன்று கார் வரைக்கும் பையைத் தூக்கி வந்தவர்தான் என் அப்பா என்று உன் வாயால் சொல்லிவிடு.

நீயும் அந்தப் பெண்ணும் ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்காமல் நூறு வருஷம் வாழ வேண்டும். அவர்களைக் கூப்பிடும்போது என் வேலையைத் தப்பில்லாமல் சொல், கீழே எழுதியிருக்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா,
லேப் அட்டெண்டர்.