அந்தக் கட்டத்தில் என் பெயர் வேண்டாம்

அன்பு மகன் துரைக்கு, அம்மா எழுதுவது. இங்கே என் உடம்பும், வீடும், என் தட்டச்சு இயந்திரமும் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே நீயும் என் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சண்டை போட்டாலும் அன்றன்றைக்கே தீர்த்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டும் என்பதே என் தினசரி வேண்டுதல்.

இந்த உறையைப் பிரித்ததும் நீ முதலில் தேடப்போவது நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைத்தான் என்று எனக்குத் தெரியும். தேடாதே, அது இதில் இல்லை. இருப்பதெல்லாம் பேங்கில் வாங்கிய இரண்டு சான்றிதழ்கள்தான், அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதுவரை மடிக்காமல் மேசை மேல் வை, டீ டம்ளரை அதன்மேல் வைக்காதே. கல்யாணத்துக்குப் பிறகு அந்த நாட்டில் நீங்கள் இருவரும் சேர்ந்து தாக்கல் செய்யும் முதல் வரிக்கணக்கு என்று போன மாதம் எழுதியிருந்தாய். படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வரியில், அந்தப் படிவத்தில் சார்ந்திருப்பவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என் பெயரைப் போட்டால் வரி குறையும் என்று உன் ஆபீஸ் நண்பர் சொன்னார், அதற்கு நான் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தாய். கடிதத்தோடு நீ வைத்திருந்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். உணவு, உடை, மருந்து, வீட்டுச் செலவு ஆகிய அனைத்துக்கும் நான் என் மகனையே முழுவதுமாக நம்பி வாழ்கிறேன் என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன், அப்போதும் அதேதான் இருந்தது. துரை, உன் அப்பா கண்ணை மூடிய வருஷம் நீ இன்னும் அரை டிரவுசர் போட்டுக்கொண்டிருந்தாய். அன்றிலிருந்து இன்றுவரை யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காதவள் நான். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து வாங்கிய சம்பளத்தில் உன்னைப் படிக்க வைத்தேன், இப்போது ஓய்வூதியம் வருகிறது, அது போதாதென்று தெருமுனை வக்கீல்கள் இருவருக்கு இன்னமும் நான்தான் வீட்டிலிருந்து தட்டச்சு செய்து கொடுக்கிறேன். என் மருந்தை நான் வாங்குகிறேன். என் செருப்பை நான் வாங்குகிறேன். உன் பணத்தில் இந்த வீட்டில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை.

அன்றைக்குக் குழாய் பார்க்க உன் சித்தப்பா வந்திருந்தார். தாளை வாங்கிப் படித்துவிட்டு, "ஏன் அண்ணி இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கீங்க, ஊர் உலகத்துல எந்த அம்மா புள்ளைய நம்பி இல்ல, கையெழுத்துத்தானே கேட்டான், கிட்னியா கேட்டான்" என்றார். கிட்னி கேட்டிருந்தால் யோசிக்காமல் கொடுத்திருப்பேன், அது என்னுடையது, இது பொய், அதை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்றேன். "அந்தக் கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல உங்களுக்கு முதுகுல ஸ்கேல வெச்சுத் தச்சு அனுப்பிட்டாங்க அண்ணி, இந்த வயசுலயும் வளைய மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே குழாயைக் கழற்றினார். அவர் வரும்போது சொட்டிக்கொண்டிருந்த குழாய் போகும்போது பீய்ச்சியடித்தது, அது வேறு கதை. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூண்டில் நின்று கண்ணைக் கசக்கிய எத்தனை பெரிய மனிதர்களின் வாக்குமூலத்தை இந்த விரல்கள் அடித்திருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. எனக்கு வருத்தம் உன்மேல் இல்லை. இப்படி ஒரு வாசகத்தை யாரோ எழுதி வைத்து, அதற்குக் கீழே என் பெயரை நீ கற்பனை செய்து பார்த்தாயே, அதுதான் கொஞ்சம் சுட்டது. என் மருமகளும் என்னை அந்தக் கட்டத்தில் வைத்துத்தான் பார்க்கிறாளோ என்று ஒரு நினைப்பு வந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே ஆடிட்டரம்மாவைப் பார்க்கப் போனேன். டயர் கடைக்கு மேல் மாடியில் அவள் ஆபீஸ், படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கைத் துளைக்கும். வருஷா வருஷம் என் கணக்கைப் பார்ப்பவள், வேகமாகப் பேசுவாள், பேசிக்கொண்டே பிஸ்கட் தின்பாள், தாளில் தூள் விழுந்தால் நான் முறைப்பேன், ஊதிவிடுவாள். உன் தாளை அவளிடம் காட்டி, நான் உன் நிழலில் வாழவில்லை என்பதற்கு அத்தாட்சியாக எல்லாப் பாஸ் புத்தகங்களையும் கொண்டுபோய் அவள் முன்னால் அடுக்கினேன். அதில் ஒன்றைப் புரட்டி, "இந்த டெபாசிட் யார் பேர்லம்மா இருக்கு" என்று கேட்டாள். நானும் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன், என் மகன் மாதாமாதம் அனுப்பும் பணம், ஒரு பைசா தொடவில்லை, அவன் பேரிலேயே டெபாசிட் போட்டு வைத்திருக்கிறேன், கல்யாணமானதும் மருமகள் பேரையும் சேர்த்துவிட்டேன், அவர்கள் சொந்த வீடு வாங்கும் அன்றைக்கு எடுத்து நீட்டலாம் என்று இருக்கிறேன் என்றேன். அவள் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா, அப்போ இதோட வட்டி முழுக்க அவங்க வருமானம். குடியேறிப் போனவங்க அங்க கணக்குக் காட்டும்போது அங்க வாங்குற சம்பளத்த மட்டும் காட்டினாப் பத்தாது, வெளிநாட்டுல வர்ற வருமானத்தையும் காட்டணும். அவங்களுக்கு இதுதான் வெளிநாடு. இந்த வட்டியப் பத்தி அவங்களுக்குத் தெரியுமா" என்றாள். தெரியாது என்றேன். "அவர் உங்களைக் காட்டி வரியைக் குறைக்கப் பார்க்கிறாரு, நீங்க சத்தமில்லாம ஏத்தி வெச்சிருக்கீங்க, சரியான அம்மாவும் புள்ளையும்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு என் மடியில் வந்து உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரி போனால் போகட்டும் துரை, அது பெரிதில்லை. சேர்ந்து தாக்கல் செய்கிற கணக்கில் இருவரும் கையெழுத்துப் போடுகிறீர்கள். இந்த வட்டியை விட்டுவிட்டு நீ அதை அனுப்பிவிட்டால், உன்னை நம்பி உன் பெயருக்குப் பக்கத்தில் பெயர் எழுதும் அந்தப் பெண்ணும் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். அவள் புகுந்த வீட்டிலிருந்து அவளுக்குக் கிடைக்கும் முதல் சொத்து அதுவாகவா இருக்க வேண்டும்? ஆடிட்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, இங்கே பேங்கில் வட்டிக்கு ஏற்கெனவே வரி பிடித்திருக்கிறார்கள், அதற்குச் சான்றிதழ் வாங்கி அனுப்பினால் அங்கே அதைக் கழித்துக் கேட்க வழியிருக்கும், ஒரே வட்டிக்கு இரண்டு முறை முழு வரி கட்ட வேண்டியிருக்காது என்று பொறுமையாகச் சொன்னாள். பீஸ் வாங்க மாட்டேன் என்றாள். மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து நேராகப் பேங்குக்கு. டை கட்டிய மேனேஜர் தம்பி, "அடுத்த வாரம் வாங்கம்மா, பிரிண்டர் சரியில்ல" என்றார். பரவாயில்லை, சரியாகும்வரை உட்கார்ந்திருக்கிறேன் என்று அவர் எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். என்ன ஆச்சரியம், சற்று நேரத்தில் பிரிண்டருக்கு உடம்பு குணமாகிவிட்டது. வந்த தாளில் உன் பெயரில் ஓரெழுத்து விட்டுப்போயிருந்தது, திருத்தித் தரச் சொன்னேன். "இதையெல்லாம் யாரும்மா பார்க்கப் போறாங்க" என்றார். நான் பார்த்தேனே என்றேன். வட்டிக்கு ஒன்று, பிடித்த வரிக்கு ஒன்று, இரண்டும் முத்திரையோடு இதில் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. அதனால் மருமகளைக் கூப்பிட்டேன். எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் நான்கு விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன், ஒன்றும் பயன்படவில்லை. நான் அந்தக் கையெழுத்தைப் போடவில்லை என்று ஆரம்பித்ததும், "நான் ஜெயிச்சுட்டேன்" என்று அந்தப் பக்கம் ஒரு கூச்சல். "அத்தை போட மாட்டாங்கன்னு அன்னிக்கே உங்க மகன்கிட்ட சொன்னேன், போடுவாங்கன்னு அவர் பந்தயம் கட்டினாரு, இனி ஒரு மாசம் பாத்திரம் அவருதான் கழுவணும்" என்றாள். என்னோடு பதினைந்து நாள்கூட முழுதாக இருந்திராத பெண், நான் வயிற்றில் சுமந்த நீ தோற்ற இடத்தில் ஜெயித்திருக்கிறாள். என் மனதிலிருந்த முள் அந்தக் கூச்சலிலேயே விழுந்துவிட்டது. பிறகு டெபாசிட் விஷயத்தைச் சொன்னேன். "அத்தை, கல்யாணமாகி அங்க வந்தப்போ பேங்குல ஒரு பேப்பரை நீட்டி, சின்ன விஷயம்தான், போடும்மான்னு சொன்னீங்களே, அதுவா இது? நான் படிக்காமப் போட்டேன். நீங்க மட்டும் படிச்சுப் பார்த்துட்டுப் போட மாட்டேங்குறீங்க, நல்லா இருக்கு நியாயம்" என்றாள். வாதத்தில் என்னை மடக்கியவர்கள் என் வாழ்நாளில் மிகச் சிலர். அந்த வரிசையில் அவளையும் சேர்த்துக்கொண்டேன். இனி யார் நீட்டினாலும், நானே நீட்டினாலும், படிக்காமல் போடாதே என்று மட்டும் சொன்னேன். வட்டியைக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம், கட்ட வேண்டிய வரியைச் சந்தோஷமாகக் கட்டுகிறோம், நல்லவேளை இன்னும் அனுப்பவில்லை, சான்றிதழ் வரும்வரை காத்திருக்கிறோம், கடைசி நாளுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்றாள். அதன் பிறகுதான் அவள் அதைச் சொன்னாள். "அந்தக் கட்டம் இந்த வருஷம் காலியாவே இருக்கட்டும் அத்தை. அடுத்த வருஷம் எழுத ஆள் வந்துக்கிட்டிருக்கு." நானும் ஒரு மக்குத்தான், யார், உங்கள் அம்மா வருகிறார்களா என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "அவங்களுக்கு இன்னும் பல்லே முளைக்கலையே அத்தை" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தட்டச்சு மேசைக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன், வக்கீல் வீட்டுத் தாள்கள்மேல் உட்கார்ந்தது பிறகுதான் தெரிந்தது. அடுத்த பரிசோதனை முடிந்து நீயே சொல்வதாக இருந்தாயாம். "உங்களுக்குத் தெரியாத மாதிரியே இருங்க அத்தை, இல்லன்னா என்னைக் கொன்னுடுவாரு" என்றாள். ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஊரைக் கூட்டியவளை அதே வாரத்தில் வாயால் இன்னொரு பொய் சொல்லச் சொன்னால் எப்படி? அதனால்தான் இங்கேயே உடைத்து எழுதிவிட்டேன். அவளை ஒரு வார்த்தை சொல்லாதே. சொன்னால் நான் அவள் கட்சி.

மறுநாள் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் புகைப்படம் எடுக்கப் போனேன். போட்டோக்காரர், "சிரிக்காதீங்கம்மா, ஒத்துக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். உதட்டை இறுக்கினால் கன்னம் சிரிக்கிறது, கன்னத்தை அடக்கினால் கண் சிரிக்கிறது. பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "இந்தம்மாவுக்கு என்ன, லாட்டரி விழுந்திருக்கா" என்று கேட்டார். அதற்கும் வரி உண்டு என்றேன். ஆறாவது தடவைதான் ஒரு மாதிரியாக நீதிமன்ற முகம் வந்தது. பிரசவத்துக்கு வருகிறேன், டிக்கெட் என் தட்டச்சுக் காசில், அதைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. நீ அனுப்பும் பணத்தை இனி டெபாசிட்டில் போட மாட்டேன் என்று மருமகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். செலவு செய்தே ஆக வேண்டும் என்கிறாள். எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை, பழக்கமில்லை. முதல் வேலையாக உன் சித்தப்பா ரிப்பேர் செய்த குழாயை வேறொருவரை வைத்து ரிப்பேர் செய்தேன்.

அவளைக் கனமான எதையும் தூக்க விடாதே. பந்தயத்தில் தோற்ற மாதம் முடிந்தாலும் பாத்திரத்தை நீயே கழுவு. வரிக்கணக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் அவள் வாசித்த பிறகே அவள் கையெழுத்தைக் கேள். ஆபீஸ் நண்பருக்கு என் வணக்கத்தைச் சொல், யோசனைக்கு நன்றி, இனி வேண்டாம் என்றும் சொல். இருவரும், இல்லை, மூவரும் நோய் நொடியில்லாமல், தலை நிமிர்ந்து, பல்லாண்டு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. கடிதத்தில்தான் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதே என்று சும்மா இருந்துவிடாமல், பரிசோதனை முடிந்த அன்றைக்குப் போன் செய்து உன் வாயால் எனக்குச் சொல். புதிதாகக் கேட்பதுபோலவே சந்தோஷப்படுவேன், அதில் நடிப்பு ஒன்றும் இருக்காது.

முழுவதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்,
உன் அம்மா