முப்பத்தெட்டு வெறும் நாட்கள்

மீமிசல்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் சுடர்விழிக்கு, அப்பா நாகராசு சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுச் சந்தனமேரி எழுதுவது. ஆத்தா, நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஐதராபாத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடி இருக்க ஆவுடையார்கோவில் சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடாய், அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

வெள்ளிக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் படகில் இரண்டு வருசம் நாளுக்கு எத்தனை கிலோ மீன் பட்டது என்று நான் நினைவிலிருந்து சொல்ல, நீ கம்ப்யூட்டரில் ஏற்றிப் படிப்புக்கு ஆய்வு செய்தாய். உன் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு வருசத்தில் ஒரு நாள்கூட மீன் படாமல் திரும்பவில்லையா, இது விடுதியில் உட்கார்ந்து நீயே போட்ட எண்கள் என்று சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை நாலு பேர் முன்னால் நீ பதில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஆய்வைத் தள்ளிவிடுவார்கள். படிப்ப விட்டுட்டு வந்துர்றேம்ப்பா என்றாய். வராதே ஆத்தா. தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது.

நம் வீட்டில் என் தாத்தா நாளிலிருந்து ஒரு வழக்கம் உண்டு, பள்ளிக்கூடம் விடுதி என்றே வளர்ந்ததால் உனக்குத் தெரியாது. படகு வெறுமனே திரும்பினால் அதை வாயால் சொல்லமாட்டோம், சொன்னால் மறுநாளும் அப்படியே ஆகும் என்ற பயம். யாராவது கேட்டால், இன்னைக்குத் தொழிலுக்குப் போகல என்போம். வலை நனைந்து சொட்டிக்கொண்டிருக்கும், கேட்டவனும் அதைப் பார்த்துக்கொண்டே, சரிங்க, நாளைக்குப் போங்க என்று நடந்துவிடுவான். அந்த வாயோடுதான் உனக்கும் போகல, போகல என்று சொல்லிவைத்தேன். நீ அந்த நாட்களைக் காலியாக விட்டுவிட்டாய். பொங்கலுக்கு வந்தபோது நீ லினக்ஸ் என்று சொல்லி ஒரு கறுப்புத் திரையைக் காட்டினாயே, படமில்லை, பொத்தானில்லை, நாம எழுதுனத மட்டுந்தாம்ப்பா செய்யும் என்றாய். ஆர் என்று ஒற்றை எழுத்தில் பேர் வைத்த மென்பொருளைத் திறந்து, காலியாக விட்ட நாளை விலக்கச் சொன்னால் சராசரியில் சேர்க்காது, சைபர் போட்டால் சேர்த்து வகுக்கும் என்றும் சொன்னாய். ஒரு சொல்கூட மறக்கவில்லை எனக்கு. ஆனாலும் என் வாய் செய்திருக்கிற வேலை உறைக்கவில்லையே.

சனிக்கிழமை சந்தனமேரி வீட்டுக்குப் போய், எழுதிக்கொடு தாயி என்றேன். உட்கார்ந்த பிறகு வாய் வரவில்லை. கரையில சொல்லக்கூடாதுன்னா இங்க சொல்லுங்கண்ணே, எங்க அடுப்படியில கடலா இருக்கு, கறிக்கொழம்புதான் இருக்கு என்று அவள் சிரித்தாள். அப்புறம்தான் சொன்னேன். அவள் மகன் சார்லஸ் கல்யாணத்துக்கு முந்தின வியாழன், வெறுங்கை. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் கடலுக்குப் போன அந்தத் திங்கள், வெறுங்கை. எங்கே வலை போட்டோம், காற்று எந்தப் பக்கம் என்பதும் சேர்த்துச் சொன்னேன், அவள் பழைய காலண்டரைப் புரட்டித் தேதி போட்டாள். உன் அம்மா வாசலில் நின்று, நாக்க அடக்குங்க, நாளப்பின்ன தொழிலுக்குப் போகவேணாமா என்று ஏசினாள். முப்பத்தேழோடு நான் நிறுத்தியதும் அவளேதான், மாசி மகத்துக்கு மறுநாள் என்னாச்சு, அதயும் சொல்ல வேண்டியதுதானே என்றாள். அன்றைக்கு நான் படகிலேயே தூங்கிப்போய் வலையைக் கடலடிப் பாறையில் விட்டுக் கிழித்துவிட்டேன். பேராசிரியருக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டிருந்தேன். சரி, முப்பத்தெட்டு.

காற்றுக்கும் சாவுக்கும் திருவிழாவுக்கும் நிசமாகவே போகாத நாட்களைத் தனித் தாளில் எழுதியிருக்கிறது. அவற்றைக் காலியாகவே விடு. முப்பத்தெட்டுக்கு மட்டும் சைபர் போடு. சராசரி இறங்கும், இறங்கட்டும், நம் கடல் அவ்வளவுதான் கொடுத்தது.

என்னோடு படகில் வரும் ஆரோக்கியதாஸ் இதைக் கேட்டுவிட்டு, பெரியாளு, ஊருக்கே சங்கு ஊதிட்டீரு, இனிமே வலைய மடிச்சு ஒம்ம மகளுக்குப் பார்சல் போடும் என்று முறுக்கிக்கொண்டான். இன்று காலையில் போனோம். ஒன்பது கிலோ நண்டு. சொன்னதால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன், சொன்னதால் போய்விடவும் இல்லை. அவன்தான் பெரிய நண்டாக நாலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

தாள்களைப் படம் பிடித்துச் சந்தனமேரி இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புகிறாள், அசல் தபாலில் வருகிறது. வழக்கத்தையும் மறைக்காமல் சொல், வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்பாவிட்டால் பேராசிரியரே எனக்குப் போன் போட்டு எந்த நாளை வேண்டுமானாலும் கேட்கட்டும், அவர் பேச்சை நீ தமிழில் மாற்றிச் சொன்னால் போதும், பதில் என்னிடம் இருக்கிறது. துணிமணியைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் வை. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி.

ஆயுசும் அறிவும் பெருகி நீ நன்றாக இருக்கவேண்டும், அம்மாவும் அதையே சொல்கிறாள். வெள்ளிக்கிழமை முடிந்ததும் நல்லதோ கெட்டதோ உடனே கூப்பிடு. கெட்டது என்றால், நான் போகல என்று சொன்ன மாதிரி, அவங்க இன்னும் என்ன உள்ள கூப்பிடலப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. உள்ளதைச் சொல். நான் கேட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா நாகராசு,
இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.