சிவப்புக் கோடு போட்ட குழாய்

புதன். காலை முழுக்க மூடுபனி. துணி காயவில்லை.

வாயில் வராததை நோட்டில் எழுதுகிறேன். மன்னிக்கணும். காலேஜ் ரெக்கார்டு நோட்டில் மீந்த பக்கங்கள்தான்.

அண்ணன் ஜீப்பில் இடப்பக்கம், கதவுக்குக் கீழே, பாறை இடித்து நசுங்கல். அம்மாவும் இன்னும் ஒன்பது பேரும் கொழுந்து பறிக்க மேல் டிவிஷனுக்குப் போகிற வண்டி. ரெண்டு பக்கமும் ராக் ஸ்லைடர் போடாவிட்டால் டிரிப் வேறு ஜீப்புக்கு என்று எஸ்டேட் ஆபீசர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை வந்து பார்ப்பாராம்.

ராக் ஸ்லைடர் என்றால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு வெல்டு வைக்கிற இரும்புக் குழாய். பாறையில் அது உரசும், பாடி தப்பும். அண்ணன் வீடியோ பார்த்துத் தானே செய்கிறான். வீடியோ முடிவில் குழாய்க்கு அடியில் ஜாக்கி வைத்து வண்டியையே தூக்குகிறார்கள்.

"நம்மளும் இப்படித் தூக்கிக் காட்டோணும் அம்மிணி."

சாயங்காலம் அண்ணன் போனில் யாரிடமோ: "ஹெவி பைப்பு கோயமுத்தூர்ல இருந்து வர நாலு நாளாகுமுங்களா? அப்ப வேண்டாமுங்க."

வியாழன். தூறல்.

வாடகைக்கு வெல்டிங் செட் வந்தது. குழாயும். "ஹெவி பைப்பு. சிவப்புக் கோடு பாத்தியா?"

பார்த்தேன். குழாய் வாங்கின அதே ஊட்டி ஹார்டுவேர் கடையில் ரெண்டு மாதம் பில் போட்டிருக்கிறேன். மஞ்சள் கோடு மெலிசு, நீலம் நடுத்தரம், சிவப்பு கனம். இந்தச் சிவப்பு நெளிந்திருந்தது. தொட்டேன். விரலில் ஒட்டியது.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? எனக்குப் பில் போடச் சொல்லிக் கொடுத்தவர். சே.

வாங்க: பூண்டு, சீயக்காய், கோழித் தீவனம்.

வெள்ளி. மதியம் கொஞ்சம் வெயில்.

நாள் முழுக்க வெல்டிங். வெள்ளைப் புகை. அந்தப் புகையில் அண்ணனுக்கு உடம்பு சுட்டது. "பால் குடிச்சா செரியாப் போயிரும்." டம்ளரை வாங்கினபோது அவன் கட்டைவிரல் நகத்தில் சிவப்பு பெயின்ட்.

பம்பரில் பெயர் எழுதின அதே சிவப்பு.

அவன் படுத்த பிறகு குழாயின் நுனியில் சிவப்புக் கோட்டை ஆணியால் சுரண்டினேன். அடியில் மஞ்சள்.

கடைக்காரரே, தப்பு என்னுடையது.

சனி. குளிர்.

ஆபீசர் வந்தார். ஷூவால் குழாயை ஒரு உதை. "கோடு செவப்புத்தான். ஜாக்கில தூக்கிக் காட்டுப்பா."

"ஜாக்கி ஆயில் லீக்குங்க சார். ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், சாக்குக்கு அடியில் இருக்கிறது ஜாக்கி. காலையில் தீவனம் போடும்போது பார்த்தேன். நேற்று அங்கே சாக்கு இல்லை.

வாய் திறந்துவிட்டேன் போல. "என்னம்மா?" என்றார்.

"டீ கொண்டாரட்டுங்களா சார்?"

டிகிரி வாங்கி என்ன. டீதான் வந்தது வாயில்.

"செரி, திங்கக்கெழமை ஓட்டு." போய்விட்டார்.

அம்மா முழங்கால் வலியோடு குழாய்மேல் கால் வைத்து ஏறிப் பார்த்தாள். "படியாட்டவே இருக்குது கண்ணு! இனி ஆரும் என்னையத் தூக்கி உட வேண்டாம்."

பக்கத்து வீட்டு சரோஜா அக்கா: "மவராணிக்கு மவன் பல்லக்கு கட்டியிருக்கான், பாருங்க. நாங்கெல்லாம் மூட்டையாட்டத்தான் ஏறோணும்."

அம்மாவுக்கு அப்படிச் சிரிப்பு. அவள் சிரித்து எத்தனை நாளாகிறது.

இறங்கும்போது குழாயில் ஒரு சத்தம். சின்னதுதான். அம்மாவுக்குக் கேட்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு ஜீப்பில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

ஞாயிறு. மழை விட்டிருக்கிறது.

வீட்டில் கறிக்குழம்பு. அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்.

நோட்டை இந்தப் பக்கத்தில் விரித்து டிரைவர் சீட்டில் வைக்கிறேன். அண்ணா, ஆபீசரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். டிரிப் போனால் நாம் என்ன செய்வோம் என்று எனக்கும் தெரியும். ஜாக்கியைத் துடைத்து இடப்பக்கக் குழாய்க்கு நேர் கீழே வைத்திருக்கிறேன். ஆயில் லீக் இல்லை.

நாளைக்கு அம்மா கால் வைக்கிறதுக்கு முன்னால், ஒரே ஒரு தடவை வண்டியைத் தூக்கிப் பார்.