வீட்டுக்காரர் போனுக்கு ஒரு தனிச் சாவி

மார்ச் 3, திங்கள்
இன்றும் என் வீட்டுக்காரருடைய போன் செத்துவிட்டது. லிப்ட் மோட்டாரின் சத்தத்தைப் பதிந்து தேய்மானத்தைக் கணக்குப் போடும் செயலி போனை அடுப்பு மாதிரி சூடாக்கிவிடுகிறது. போன மாதம் லிப்ட் குழிக்குள் தனியாக மாட்டிக்கொண்டபோதும் இதே கதைதான். யாரையும் கூப்பிட சார்ஜ் இல்லை.

இருவருக்கும் ஒரே லிப்ட் கம்பெனி. அவர் மெக்கானிக், நான் நெட்வொர்க். அலுவலகத்தில் பாதிக் கணினிகள் சும்மா கிடக்கின்றன. கணக்கை அவை போட்டால் என்ன? போன் விடையை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும். அதற்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6
ஓடுகிறது! சோதனைக்கு வைத்த போன் சில்லென்று இருக்கிறது. சத்தப் பதிவு பூட்டியே போகிறது, அந்தக் கணினிக்காரர்கூட எட்டிப் பார்க்க முடியாது.

மார்ச் 7
அலுவலகக் கணினிகளுக்குள் போன் நுழைய, கடவுச்சொல் மாதிரி ஒரு சாவி வேண்டும். மேனேஜருக்கு அவசரம். "எல்லா போனுக்கும் ஒரே சாவியப் போட்டு திங்கக்கிழமையே விட்டுடுங்கம்மா."

கணினிப் பாதுகாப்புப் பிரிவுக்காரர் (நாங்கள் வைத்த பெயர் பூட்டு) ஒரே பிடிவாதம். "ஒரு போன் தொலஞ்சா மொத்தத்தையும் மூடுவீங்களா? ஒவ்வொண்ணுக்கும் தனிச் சாவி வேணும்."

அப்படியென்றால் இன்னும் ஒரு வாரம். அதுவரை என் வீட்டுக்காரர் குழிக்குள் இறங்கிக்கொண்டுதானே இருப்பார்? பூட்டிடம் கத்திவிட்டேன். அவர் சொல்வது சரி என்பதால் இன்னும் எரிச்சல்.

மார்ச் 10
தனிச் சாவிதான். மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

மார்ச் 18
நேற்றுதான் எல்லோருக்கும் திறந்துவிட்டோம். இன்று மதியம் எச்சரிக்கை. ஒரு போன் தனக்குச் சம்பந்தமில்லாத கட்டிடங்களின் பதிவுகளை வரிசையாகக் கேட்கிறது. யாருடையது என்று பார்த்தேன். என் வீட்டுக்காரருடையது.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை.

யாராவது திருடியிருக்கலாம். ஆனால் அவரே குழிக்குள் இருந்தால்? செயலிக்குத்தான் கிறுக்குப் பிடித்திருந்தால்? சாவியைப் பிடுங்கினால் கணக்கெல்லாம் போனின் தலையில் விழும், சார்ஜ் போய்விடும். அய்யோ, நான் என்ன பண்ணுவேன்?

பூட்டு பின்னால் வந்து நின்றார். "நான் வேணா பண்ணவாம்மா?"

"வேணாம் சார். நானே பண்றேன்."

பிடுங்கிவிட்டேன். மற்ற போன்கள் அதுபாட்டுக்கு ஓடின.

கொஞ்ச நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அவர்தான். "ஏய், என் போனை எவனோ அடிச்சிட்டான். லாக் பண்ணாம மேசை மேல வச்சிருந்தேன். இது கூட வேலை பாக்கறவர் போன்."

அழுதுவிட்டேன். "போன்தானே போச்சு, அதுக்கா அழற?" என்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது!

மார்ச் 21
புதுப் போனைப் பதிய நேராக என் மேசைக்கு வந்தார். "வரிசையில நில்லுங்க" என்றேன். பூட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மார்ச் 24
வேலை நேரத்தில் அவரிடமிருந்து அழைப்பு. பதறிப்போய் எடுத்தேன். "எங்க இருக்கீங்க? என்னாச்சு?"

"குழிக்குள்ளதான். ஒண்ணும் ஆகல. கணக்கெல்லாம் உன் கம்ப்யூட்டருங்க பாத்துக்குது, சார்ஜ் நிறைய இருக்கு. சும்மா பேசலாம்னுதான்."

"வேலையப் பாருங்க" என்று அதட்டினேன். போனை வைக்கத்தான் மனசு வரவில்லை.