இல்லாத ரோடு

12 ஆகஸ்ட் 1976, வியாழன். தாம்பரம்.

என்னிடம் ஆய்வு செய்யும் ரெஜினாவின் கம்ப்யூட்டர் புரோகிராம் இன்று சரியாக ஓடிவிட்டது. மெட்ராஸில் எந்த பஸ் ஸ்டாப்பிலிருந்து எந்த ஸ்டாப்புக்குப் போனாலும் குறைந்த தூர வழியைச் சொல்கிறது. நான் வருஷக்கணக்காக முட்டிக்கொண்டிருந்த இடம் அது. எல்லா ஸ்டாப்புகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிய அட்டவணை போட்டேன். கம்ப்யூட்டரில் இடம் போதவே இல்லை.

"உனக்கு மட்டும் எப்படிம்மா இடம் போதுது?" என்று கேட்டேன்.

"கோவிலம்பாக்கத்துலேர்ந்து கூடுவாஞ்சேரிக்கு நேர் ரோடே இல்லையே சார். இல்லாத ரோட்டுக்கு எதுக்கு இடம்? ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பக்கத்து ஸ்டாப்பை மட்டும் வெச்சேன்."

இவ்வளவுதான். எனக்கு ஏன் தோன்றவில்லை?

"இன்னும் சரிபார்க்கணும்" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

"எங்க சார் தப்பு?"

தப்பே இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

சாப்பிடும்போது மனைவி சாரதாவிடம் சொன்னேன். "உங்க ஸ்டூடன்ட்தானே! நீங்க சொல்லிக் குடுத்ததுதானே!" என்று சந்தோஷப்பட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவும் உறுத்துகிறது.

நாளை ரெஜினாவிடம் சரி என்று சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிடுவேன். சிரித்த முகத்தோடு சொல்ல வருமா என்றுதான் தெரியவில்லை.